மாநகர மன்றமும் மாநகராட்சிப் பள்ளியும்

நுழையும்முன்

உள்ளாட்சித் தேர்தல் வரும்போது சாலை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை ஆகியவை பற்றி ஊரெங்கும் பேச்சு எழுகிறது. பள்ளிக்கூடம் அப்பேச்சில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆயினும் சென்னை போன்ற பெருநகரில் ஏழை எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் பயில்வது மாநகராட்சி நடத்தும் பள்ளிகளில்தான். அப்பள்ளிகளைப் பற்றி முடிவெடுப்பவர் யார், பணம் தருபவர் யார், குறை நேர்ந்தால் விடை சொல்ல வேண்டியவர் யார் என்னும் வினாக்களைச் சென்னையின் நூறாண்டு வரலாற்றின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

ஓரணாத் தீர்மானம்

இந்தியாவின் மிகப் பழைமையான மாநகராட்சி சென்னை மாநகராட்சி. அது 1688ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாள் செயல்படத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் அதன் பொறுப்பாளர்கள் ஆங்கிலேய வணிகக் குழுவால் அமர்த்தப்பட்டவர்கள். வரி செலுத்தும் நகரமக்கள் தங்கள் சார்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கடந்தபின் சிறிது சிறிதாகவே கிடைத்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகராட்சிச் சட்டம் மன்றத்தின் அதிகாரத்தை விரிவுபடுத்தியது. அச்சட்டத்தின் காலத்தில் மன்றத்தின் தலைவர் பொறுப்பில் அமர்ந்தவர் பிட்டி தியாகராயர்.

1852இல் பிறந்த தியாகராயர் நெசவுத் தொழிலோடு தொடர்புடைய வணிகக் குடும்பத்தினர். நீதிக்கட்சியைத் தோற்றுவித்த தலைவர்களுள் ஒருவர். 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றபோது, மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பு தம்மைத் தேடி வந்தும் ஏற்காது விலகி நின்றார். நகர மன்றத்தில் மட்டும் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராகப் பணியாற்றினார். நகரத்தின் தெருக்களையும் அங்கு வாழ்ந்தோரின் வறுமையையும் அவர் அறிந்திருந்தார்.

ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மாணவர் சேர்க்கை நலிந்திருந்தது. அங்குப் படித்த பிள்ளைகள் மிகவும் ஏழைகள் என்றும், அவ்வறுமையே பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்றும் தியாகராயர் மன்றத்தில் எடுத்துரைத்தார். 1920ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 16ஆம் நாள், அப்பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் ஒப்புதல் அளித்தது. செலவு மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகக்கூடாது என்று வரம்பு வகுக்கப்பட்டது. ஓரணா என்பது ஒரு ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. அப்பள்ளிகளில் பிள்ளைகளின் வருகையும் உயர்ந்தது.

இந்நிகழ்வு பள்ளி நிருவாகத்தைப் பற்றிய அடிப்படையான செய்தி ஒன்றை உணர்த்துகிறது. பிள்ளை பள்ளிக்கு வராமைக்குக் காரணம் பெற்றோரின் அக்கறையின்மை என்று கருதியிருந்தால், மன்றம் அபராதம் விதிக்கவோ அறிவுரை கூறவோ முனைந்திருக்கும். பசியே காரணம் என்று கண்டறிந்ததால் உணவு வழங்க முனைந்தது. பகுதியை நேரில் அறிந்த ஒருவர் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தமையால், குறையின் காரணத்தைச் சரியாகக் காண முடிந்தது. உள்ளாட்சி என்னும் அமைப்புக்கு இருக்கும் தனிச்சிறப்பு இதுவே.

மற்றொன்றையும் இங்கு மறைக்காமல் கூற வேண்டும். அந்நாளில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதாக இல்லை. வரி, சொத்து முதலியவற்றின் அடிப்படையில் சிலருக்கே கிடைத்தது. ஆயிரம் விளக்குப் பள்ளியில் பசியோடு அமர்ந்திருந்த பிள்ளைகளின் பெற்றோருள் பெரும்பாலோர்க்கு, அம்மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்காகப் பேச ஒருவர் மன்றத்தில் இருந்தார். அவர்கள் தாமே பேசும் வழி இல்லை.

தீர்மானம் ஓரிடம், நிதி வேறிடம்

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம், உள்ளாட்சிகள் கல்விக்கென வரி விதிக்கவும், தொடக்கக் கல்வி நிதி ஒன்றைப் பேணவும் வழிசெய்தது. பள்ளிகளுக்கென்று தனி வருவாய் இருக்க வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது. ஆயினும் அந்நிதியை எவ்வெவற்றுக்குச் செலவிடலாம் என்பதில் அரசின் சொல்லே இறுதியானதாக இருந்தது.

பிள்ளைகளுக்கு உணவளிக்கும் செலவைத் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து மேற்கொள்ள ஆங்கிலேய அரசு இசையவில்லை. இதனால் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து திட்டம் தடைப்பட்டது. அதே ஆண்டில் தியாகராயரும் மறைந்தார். உணவு, கல்விச் செலவா அன்றா என்னும் கேள்விக்கு மன்றம் ஒரு விடையும் அரசு மற்றொரு விடையும் கொண்டிருந்தன. அரசின் விடையே நிலைபெற்றது. ஏனெனில் நிதி அதன் ஒப்புதலுக்கு உட்பட்டிருந்தது.

இருப்பினும் அவ்வெண்ணம் மறையவில்லை. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாயிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் தொடக்கநிலையில் பயிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. ஒரு நகர மன்றம் ஐந்து பள்ளிகளில் செய்துபார்த்த முயற்சி, நூறாண்டுகளில் நாட்டின் கொள்கையாக வளர்ந்தது.

வளர்ச்சியின் ஊடே ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. 1920இல் எண்ணமும் முடிவும் நகர மன்றத்தில் பிறந்தன. பிற்காலத்தில் எண்ணம், முடிவு, நிதி ஆகிய மூன்றும் மாநிலத் தலைமைச் செயலகத்திலிருந்து வரலாயின. மாநகராட்சி அவற்றை நிறைவேற்றும் அமைப்பாக மாறியது. நிதி வளம் மிகுந்த மாநில அரசு பொறுப்பேற்றதால் திட்டம் உறுதிபெற்றது. சிற்றூர்ப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் ஒரே தட்டு கிடைத்தது. அதே வேளையில், தன் பகுதிப் பள்ளியின் தேவையைத் தானே கண்டறிந்து தீர்மானம் இயற்றும் பழக்கம் நகர மன்றத்தில் தளர்ந்தது.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

தளர்ச்சிக்கு வேறொரு காரணமும் உண்டு. பல ஆண்டுகள் மன்றமே இல்லை.

ஊதியப் பட்டியல்களில் முறைகேடு நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டையொட்டி, 1973ஆம் ஆண்டு இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகள் அரசு அமர்த்திய அலுவலர்களே மாநகராட்சியை நடத்தினர். 1973இல் மாநகராட்சிப் பள்ளியில் முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்று, பள்ளிப் படிப்பை முடித்து, வேலை தேடி, மணம்புரிந்து, தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் காலம்வரை அந்நகரில் மாமன்ற உறுப்பினர் என்று ஒருவரைக் கண்டிருக்க முடியாது.

இத்தகைய நிலை மீண்டும் நேராதிருக்க, 1993ஆம் ஆண்டு சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 74ஆம் திருத்தம் தெளிவான விதிகளை வகுத்தது. நகர்ப்புற உள்ளாட்சியின் பதவிக்காலம் ஐந்தாண்டு. அக்காலம் முடியும் முன்னரே அடுத்த தேர்தல் நடத்தப்பட வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்திற்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். 1996இல் சென்னை மக்கள் மீண்டும் தம் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். மேயரையும் நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர்.

ஆயினும் விதி ஏட்டில் இருந்தபோதே மீண்டும் ஓர் இடைவெளி நேர்ந்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. இடஒதுக்கீடு முறையாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில், அறிவிக்கப்பட்ட தேர்தலை உயர்நீதிமன்றம் நீக்கியது. அதன்பின் பல காரணங்களால் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போய், 2022 பிப்ரவரி 19இல்தான் நடைபெற்றது. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலரே மன்றத்தின் பணியையும் ஆற்றினார். கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலமும் இதற்குள் அடங்கும்.

அக்காலத்தில் பள்ளிகள் இயங்காமல் போகவில்லை. அலுவலர்கள் பணியாற்றினர்; கட்டடங்கள் எழுந்தன; புதிய திட்டங்களும் வந்தன. திறமையான ஆணையர் ஒருவர் இருந்தால் வேலை விரைந்து நடப்பதும் உண்டு. ஆனால் அலுவலர் பணிமாறுதலில் செல்பவர். மேலிடத்துக்கு விடை சொல்பவர். தன் வார்டுக்கு உட்பட்ட பள்ளியில் நான்கு வகுப்புகள் ஒரே அறையில் நடக்கின்றன என்று, எல்லாரும் கேட்குமாறு மன்றத்தில் எழுந்து சொல்வதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் அங்கு இல்லை. கேள்வி பதிவாகாத இடத்தில் விடையும் பதிவாவதில்லை.

அரசமைப்பில் ஒரு வேறுபாடு

ஊராட்சிகளுக்கான 73ஆம் திருத்தமும் நகராட்சிகளுக்கான 74ஆம் திருத்தமும் ஒரே காலத்தில் இயற்றப்பட்டவை. உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளை முதல் திருத்தம் 11ஆம் அட்டவணையிலும், இரண்டாம் திருத்தம் 12ஆம் அட்டவணையிலும் பட்டியலிடுகின்றன. ஊராட்சிகளுக்குரிய 29 பணிகளுள் தொடக்கப் பள்ளிகளும் இடைநிலைப் பள்ளிகளும் உள்ளிட்ட கல்வி என்பது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளது. நகராட்சிகளுக்குரிய 18 பணிகளில் பள்ளி என்னும் சொல்லே இல்லை; பண்பாடு, கல்வி, அழகியல் ஆகிய கூறுகளை மேம்படுத்துதல் என்னும் பொதுவான தொடரே உள்ளது.

நூற்றுக்கணக்கான பள்ளிகளை நடத்தும் சென்னை மாநகராட்சிக்கு, அப்பணியை அரசமைப்பின் அட்டவணை பெயர்சொல்லி வழங்கவில்லை என்பது வியப்புக்குரியது. பட்டியல்களில் இடம்பெற்ற பணிகளைக்கூட உள்ளாட்சிகளுக்கு அளிப்பதும் அளிக்காததும் மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்தைப் பொறுத்தவை. கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே நகரப் பள்ளி ஒன்றின்மீது ஒன்றிய அரசு, மாநில அரசு, மாநகராட்சி என்னும் மூன்று அடுக்குகளின் அதிகாரமும் படிந்துள்ளது.

இந்நிலையில் உள்ளாட்சியின் கடமையைத் தெளிவாக எழுதிவைத்த பெருமை, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்துக்கு உண்டு. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி அளிப்பது, அருகிலேயே பள்ளி இருக்கச் செய்வது, தன் எல்லைக்குள் வாழும் பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பதிவேட்டைப் பேணுவது, இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பது ஆகியவை உள்ளாட்சியின் கடமைகள் என்று அதன் 9ஆம் பிரிவு கூறுகிறது. கட்டடப் பணிக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து சென்னையின் ஓரங்களில் தங்கியிருக்கும் தொழிலாளரின் பிள்ளைக்கும் இவ்வுரிமை உண்டு. அப்பிள்ளையின் பெற்றோர்க்குச் சென்னையில் வாக்கு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அப்பிள்ளைக்குப் பள்ளியில் இடம் தர வேண்டிய கடமை மாநகராட்சிக்கு உண்டு.

ஒரு பள்ளி, பல பொறுப்பாளர்

அடுக்குகள் பல இருப்பதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். மாநகராட்சி நடுநிலைப் பள்ளி ஒன்றில் மூன்று குறைகள் இருப்பதாகக் கொள்வோர், அவற்றைத் தீர்க்க எங்கெங்குச் செல்ல வேண்டும்?

முதல் குறை, கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. பள்ளி வளாகத்துக்குள் குழாய் பழுதாகியிருந்தால், அதனைச் சரிசெய்ய வேண்டியது மாநகராட்சியின் பொறியாளர். தெருவில் செல்லும் குழாயிலேயே நீர் இல்லையெனில், முறையீடு சென்னைக் குடிநீர் வாரியத்துக்குச் செல்ல வேண்டும். அது மாநகராட்சியினின்று வேறான அமைப்பு.

இரண்டாம் குறை, கணித ஆசிரியர் பணியிடம் காலியாக உள்ளது. பள்ளி மாநகராட்சியுடையது என்றாலும், ஆசிரியர்களைத் தெரிவுசெய்வது மாநில அளவில் இயங்கும் ஆசிரியர் தேர்வு வாரியம். மாமன்ற உறுப்பினர் எவ்வளவு முயன்றாலும், தம் வார்டுப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரைத் தாமே அமர்த்திவிட இயலாது.

மூன்றாம் குறை, மதிய உணவின் தரம் சரியில்லை. சத்துணவுத் திட்டம் சமூகநலத் துறையின் பொறுப்பில் உள்ளது. சமையலறை இருப்பதோ மாநகராட்சிப் பள்ளியின் வளாகத்தில். பாடத்திட்டம், பாடநூல், பொதுத்தேர்வு ஆகியவை மீண்டும் பள்ளிக்கல்வித் துறையைச் சார்ந்தவை.

மன்றத்தின் பங்கு என்ன? ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையை ஏற்பது, கல்விக்கான நிலைக்குழுவின் வழியே பள்ளிகளின் நிலையை ஆராய்வது, கட்டடம், தூய்மை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கான செலவுகளுக்கு ஒப்புதல் தருவது, கூட்டத்தில் வினா எழுப்பி அலுவலரிடம் விடை பெறுவது ஆகியவை அதன் பணிகள். நகரத்தில் வீடும் கடையும் உடையோர் செலுத்தும் சொத்து வரியில் கல்விக்கான வரியும் அடங்கியுள்ளது. ஆதலால் மாநகராட்சிப் பள்ளியில் தம் பிள்ளையைச் சேர்க்காதவரும், அப்பள்ளி எவ்வாறு நடக்கிறது என்று கேட்கும் உரிமை உடையவரே.

நகரம் வளரும்போது பொறுப்பின் எல்லையும் மாறுகிறது. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. புதிதாக இணைந்த பகுதிகளின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகள் பள்ளிக்கல்வித் துறையிடமே இருந்தன. ஒரே மாநகராட்சி எல்லைக்குள் ஒரு தெருவின் பள்ளி மாநகராட்சியுடையதாகவும், அடுத்த பகுதியின் பள்ளி மாநில அரசுடையதாகவும் இருந்தது. பின்னரே அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதிகளைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளுள் ஒன்று. சொத்தும் கல்வியும் உடைய ஒரு பிரிவினர்க்கே அச்சபையில் இடம் இருந்தது. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடமில்லை. கணக்குக் கேட்கும் மரபு தொன்மையானது; அனைவரும் கேட்கலாம் என்பது மக்களாட்சி தந்த புதுமை.

பெற்றோர் அமரும் மன்றம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழு என்னும் அமைப்பை உருவாக்கியது. குழுவின் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். நலிவுற்ற பிரிவினரின் பெற்றோர்க்கு உரிய பங்கு அளிக்கப்பட வேண்டும். மொத்த உறுப்பினருள் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். எஞ்சிய இடங்களில் ஆசிரியரும், உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட சார்பாளர்களும், கல்வியில் ஆர்வமுடையோரும் அமர்வர்.

1920இல் எவருடைய பிள்ளைக்காக மன்றம் தீர்மானம் இயற்றியதோ, அந்தப் பெற்றோரே இன்று முடிவெடுக்கும் குழுவில் பெரும்பான்மையினர். வீட்டுவேலை செய்யும் தாயும், மீன் விற்கும் தாயும், தலைமையாசிரியருக்கு இணையான உறுப்பினராக அமர்ந்து, பள்ளியின் கணக்கைக் கேட்க இயலும். தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20ஆம் நாள் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் பெற்றோர் கூட்டங்கள் நடத்தப்பட்டு, அதனைத் தொடர்ந்து குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. மாணவரின் பெற்றோர் ஒருவரே குழுவுக்குத் தலைவர். 2024இல் குழுக்கள் மீண்டும் அமைக்கப்பட்டபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வழங்கப்பட்டது.

குழுவின் பணிகளுள் தலையாயது பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுத்தல். வரும் ஆண்டுகளில் எத்தனை மாணவர் சேரக்கூடும், எத்தனை ஆசிரியர் தேவை, எவ்வெக் கட்டட வசதிகள் வேண்டும் என்பவற்றைக் கணக்கிட்டு எழுதப்படும் ஆவணம் அது. உள்ளாட்சியும் அரசும் பள்ளிக்கு நிதி ஒதுக்கும்போது அத்திட்டத்தை அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பள்ளிக்கு வரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும் குழுவின் கடமை. குழந்தையின் உரிமை குறித்த குறை எதனையும் எழுத்துமூலம் உள்ளாட்சியிடம் அளிக்கலாம். மூன்று மாதத்திற்குள் உள்ளாட்சி அதன்மீது முடிவு கூற வேண்டும் என்கிறது 32ஆம் பிரிவு.

சட்டம் இவ்வாறு இரண்டு அவைகளை இணைக்கிறது. பெற்றோர் பள்ளியில் கூடிக் குறையைக் கண்டறிவர். குழுவில் உறுப்பினராக உள்ள மாமன்ற உறுப்பினர் அதனை மாநகர மன்றத்துக்கு எடுத்துச் செல்வார். 2016 முதல் 2022 வரை நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லாமையால் இவ்விணைப்பு அறுந்திருந்தது. பள்ளியில் குழு இருந்தது. அதன் குரலை மன்றத்துக்குக் கொண்டுசெல்ல ஆளில்லை. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதால் ஏற்படும் இழப்பு, அரசியல் கட்சிகளோடு முடிந்துவிடுவதில்லை. வகுப்பறை வரை அது நீள்கிறது.

குழுக்களிலும் குறைகள் இல்லாமல் இல்லை. அன்றாடக் கூலிக்குச் செல்லும் பெற்றோர், கூட்டத்துக்கு வந்தால் ஒருநாள் ஊதியத்தை இழக்கின்றனர். தலைமையாசிரியர் எழுதிவைத்த தீர்மானத்தில் கையொப்பம் மட்டும் இட்டுச் செல்லும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. தம் பிள்ளை அப்பள்ளியில் படிப்பதால் ஆசிரியரிடம் கேள்வி கேட்கத் தயங்கும் பெற்றோரும் உளர். உரிமையை வழங்குவது சட்டத்தால் இயலும். அதனைப் பயன்படுத்தும் துணிவு, பழக்கத்தால்தான் வரும்.

பள்ளியில் அரசியல் வேண்டுமா?

பள்ளிக்கூடத்தில் அரசியல் நுழையக்கூடாது என்று பலர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. ஒப்பந்தம் தம்மவர்க்கே கிடைக்க வேண்டும் என்று முயல்வதும், ஆசிரியர் பணிமாறுதலுக்குப் பரிந்துரைப்பதும், விழா மேடையில் மாணவரை வெயிலில் நிறுத்துவதும், கட்சிச் சார்பு பார்த்துக் குழுவில் உறுப்பினரைச் சேர்ப்பதும் பள்ளியைக் கெடுப்பவை. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மீட்பு ஆகியவை தவிர்த்த கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை ஈடுபடுத்தக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் விதித்திருப்பதும் பள்ளியின் நேரத்தைக் காப்பதற்கே.

ஆயினும் பொதுப்பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்பதும் அரசியலே. ஒரு வார்டில் மழைநீர் வடிகால் முதலா, பள்ளிக்குச் சுற்றுச்சுவர் முதலா என்னும் கேள்விக்குப் பொறியியல் நூலில் விடை இல்லை. அதனை மக்கள் கூடிப் பேசி, தம் சார்பாளர் வழியே முடிவுசெய்ய வேண்டும். ஓரணாத் தீர்மானமும் ஓர் அரசியல் முடிவே. தீய அரசியலைக் கண்டு அஞ்சி மன்றத்தையே மூடினால் நல்ல அரசியலுக்கும் இடமில்லாமல் போகும் என்பதற்கு, 1973க்குப் பிந்தைய இருபத்து மூன்று ஆண்டுகள் சான்று.

முறைகேட்டைத் தடுக்கும் வழி, கேட்போர் எண்ணிக்கையைக் கூட்டுவதில் இருக்கிறது. மன்றக் கூட்டத்தின் நடவடிக்கை வெளிப்படையாக இருத்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் பெற்றோர் பார்வைக்கு வைக்கப்படுதல், செலவுக் கணக்கு தணிக்கைக்கு உட்படுதல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் ஆவணத்தைக் கோரிப் பெறுதல் ஆகியவை அவ்வழியின் படிகள். 2022 நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளையொட்டி, தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடத்தப்பட்டன. சிற்றூர் மக்களுக்குக் கிராம சபை இருப்பதுபோல, நகர மக்கள் தம் வார்டுக்குள் கூடிப் பேச இது வழிவகுத்தது. தெருவிளக்கோடு பள்ளியும் அக்கூட்டத்தின் பொருளாகலாம்.

அடுத்து அமர்வோர்

2022இல் அமைந்த சென்னை மாமன்றத்தில் பாதிக்குக் குறையாத இடங்கள் மகளிர்க்கு உரியவை. பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் முதன்முறையாக மேயர் பொறுப்பேற்றார். 1920இல் அம்மன்றத்தின் வாயிலைக் கடந்திருக்க முடியாதவர்களின் வழிவந்தோர், இன்று அதன் இருக்கைகளில் அமர்ந்துள்ளனர். அமர்வோர் மாறியதோடு, அமர்ந்தோரிடம் இருக்கும் அதிகாரமும் நிதியும் பெருக வேண்டும் என்பது, உள்ளாட்சியைப் பற்றிச் சிந்திப்போர் தொடர்ந்து வலியுறுத்தும் கருத்து.

பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் ஓரிரண்டு ஆண்டுகளில் வாக்காளர் ஆவர். பள்ளிப் படிப்பை முடித்ததும் முன்னாள் மாணவர் என்னும் தகுதியையும் பெறுவர். ஒன்று மன்றத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. மற்றொன்று பள்ளி மேலாண்மைக் குழுவில் அமரும் வாய்ப்பு. பள்ளியின் எந்தக் கூரை ஒழுகுகிறது, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, எந்தத் தோழி எந்த மாதத்தில் ஏன் படிப்பை நிறுத்தினாள் என்பவற்றை, அங்கு அண்மையில் படித்தவரைவிட நன்கு அறிந்தவர் இலர். ஆயிரம் விளக்குப் பள்ளியின் பசியை ஒருவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னதால் அது தீர்மானமாயிற்று. இன்றைய பள்ளிகளின் குறைகளும், அறிந்தவர் எழுந்து சொல்லும் நாளிலேயே தீர்மானமாகும்.